ஆக்ஸிமீட்டர் 98 காட்டினால் போதுமா? டர்பன் வீடுகளுக்கு ஃப்ரீஸ்டைல் ஆப்டியம் நியோ

வைரஸ் காய்ச்சல் பரவும் நேரம். வீட்டில் சுகர் உள்ள ஒருவர் வேகவேகமாக மூச்சு வாங்குகிறார். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 98. “நுரையீரலுக்கு ஒன்றுமில்லை, தூங்கட்டும்” என்று எல்லோரும் விலகிப் போகிறார்கள். மூச்சு வாங்குவதற்கு நுரையீரல் மட்டும் காரணமில்லை. இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கினால் இரத்தத்தில் கீட்டோன் சேரும், இரத்தம் அமிலமாகும், அந்த அமிலத்தை வெளியேற்ற உடம்பு ஆழமாக, அடுத்தடுத்து மூச்சு விடும். அப்போது ஆக்ஸிமீட்டர் 98 தான் காட்டும். அதன் வேலை ஆக்ஸிஜனைப் பார்ப்பது. அமிலத்தைப் பார்க்க அதற்குத் தெரியாது.

2020 மார்ச் 5 அன்று தென்னாப்பிரிக்காவின் முதல் கோவிட் நோயாளி குவாசுலு-நட்டாலில் கண்டறியப்பட்டதிலிருந்து டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரெபாங்க் பக்கம் ஆக்ஸிமீட்டரையும் வைட்டமின் சி மாத்திரையையும் தேடி அலைந்தவர்கள் ஏராளம். கீட்டோன் பார்க்கும் கருவியை அப்படி யாரும் தேடவில்லை. சுகர் உள்ள வீட்டில், குறிப்பாக இன்சுலின் போடுகிறவர் உள்ள வீட்டில், முதலில் வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான். அந்த வகையில் அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் ஆப்டியம் நியோ எப்படி என்று பார்க்கலாம்.

இது சாதாரண சுகர் மெஷின்தான். சர்க்கரைக்கு ஒரு ஸ்ட்ரிப், கீட்டோனுக்கு வேறொரு ஸ்ட்ரிப்; இரண்டும் ஒரே துளைக்குள் போகும். எதைச் செருகினோம் என்பதைக் கருவியே கண்டுகொள்ளும், கோட் எண் அடிக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்கு 0.6 மைக்ரோலிட்டர் இரத்தம், 5 வினாடி. கீட்டோனுக்கு 1.5 மைக்ரோலிட்டர், 10 வினாடி. சர்க்கரையை 1.1 முதல் 27.8 மில்லிமோல் வரை எண்ணாகக் காட்டும். அதற்கு மேலே ‘ஹை’, கீழே ‘லோ’ என்று எழுத்தில் வரும். கீட்டோன் 8.0 வரை. பேட்டரி, கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும் சி.ஆர். 2032 வட்டு.

கீட்டோன் துளி சர்க்கரைத் துளியைவிட இரண்டரை மடங்கு பெரிது. வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். வழக்கமான ஆழத்தில் குத்தி, துளி போதாமல், விரலை நசுக்கிப் பிழிவார்கள். பிழிந்தால் இரத்தத்தோடு திசு நீரும் கலந்து எண் பிசகும், ஸ்ட்ரிப்பும் பாழ். கீட்டோன் பார்க்கும்போது குத்தும் பேனாவின் ஆழத்தை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, கையைத் தொங்கவிட்டு உதறி, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்ட்ரிப்பின் மூன்று கறுப்புக் கோடுள்ள முனை கருவிக்குள், மேல்நோக்கி. மறுமுனையில் உள்ள வெள்ளைப் பகுதியில் துளியைத் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலிருந்து சொட்டவிட வேண்டாம்.

கோவிட் காலம் கொண்டுவந்த ஒரு புதுப் பழக்கம் கைக்கு சானிடைசர். அதைத் தடவி ஈரம் காயுமுன் குத்தினால் துளி விரலில் நிற்காமல் பரவும், எண்ணும் நம்பத்தக்கதல்ல. சானிடைசர் விரலில் ஒட்டிய சர்க்கரையை நீக்கவும் செய்யாது. மாம்பழம், லிச்சி உரித்த கையோடு குத்தினால் 7 இருக்கும் இடத்தில் 15 காட்டி, அந்த எண்ணை நம்பி யாராவது கூடுதல் இன்சுலின் போட்டுவிடுவார்கள். சோப்பும் தண்ணீரும்தான் சரி. தண்ணீர் இல்லாவிட்டால் முதல் துளியைத் துடைத்தெறிந்து இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும் தனித்தனி ஃபாயில் உறையில் வருகிறது. சர்க்கரை ஸ்ட்ரிப்போடு கலந்துவிடாமல் இருக்க கீட்டோன் உறை ஊதா நிறம். டர்பன் போன்ற கடலோர ஊருக்கு இது பெரிய வசதி. டப்பாவில் 50 ஸ்ட்ரிப் வரும் மற்ற மெஷின்களில் மூடியைச் சரியாக அழுத்தாமல் ஓர் இரவு விட்டாலே ஈரக்காற்று மொத்தத்தையும் தொட்டுவிடும். ஆனால் காய்ச்சலில் நடுங்கும் கைக்கும், சுகரால் விரல் நுனி மரத்துப்போன ஆயா தாத்தாக்களுக்கும் இந்த உறையைக் கிழிப்பது பாடுதான். கிழிக்கும்போதே ஸ்ட்ரிப் வளைந்துபோவது உண்டு. பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைப்பது நல்லது. வெட்டும்போது உறையின் ஓரத்தை மட்டும் வெட்டுங்கள்.

இனி எண்கள். 0.6-க்குக் கீழே இயல்பு. 0.6 முதல் 1.5 வரை வந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டே இரண்டு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். 1.5 முதல் 3.0 என்றால் உடனே டாக்டருக்கோ கிளினிக்குக்கோ போன். 3.0-ஐத் தொட்டால் காத்திருக்கக் கூடாது; ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள், செல்போனில் 112. வாந்தி நிற்காமல், குடித்த தண்ணீர் வயிற்றில் தங்காவிட்டால் எண் எதுவானாலும் ஆஸ்பத்திரிதான்.

டைப் 1 உள்ளவர்களுக்குப் பல டாக்டர்கள் கொடுக்கும் கணக்கு இது: கீட்டோன் 1.5-க்கு மேல் போனால் ஒரு நாளில் போடும் மொத்த இன்சுலினில் பத்தில் ஒரு பங்கு, 3.0-க்கு மேல் (10177-ஐ அழைத்துவிட்டு) ஐந்தில் ஒரு பங்கு, விரைவாக வேலை செய்யும் இன்சுலினாகக் கூடுதலாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மொத்தம் 40 யூனிட் போடுகிறவருக்கு முறையே 4, 8. உங்களுக்கு உரிய எண்ணை உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி மெஷின் உறைக்குள் வையுங்கள். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலோடு யாராலும் பெருக்கல் வகுத்தல் போட முடியாது.

“சாப்பிடவில்லையே, எதற்கு ஊசி?” என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். தொற்று வந்ததும் உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றும். ஒரு வாய் சாப்பிடாவிட்டாலும் ஈரல் தன் கையிருப்பை இரத்தத்தில் கொட்டும். நீண்ட நேர இன்சுலினை நிறுத்துவதுதான் கீட்டோனுக்கு வாசல் திறந்துவிடுவது. அளவு மாறலாம், நிறுத்தக் கூடாது.

மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கருவி தேவையா? பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு கூட்டத்துக்கு மட்டும் கட்டாயம் தேவை. டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் சாப்பிடுகிறவர்கள். கடையில் ஃபோர்சிகா, ஜார்டியன்ஸ் என்ற பெயர்கள். மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரைகளிலும் இவை ஒளிந்திருக்கும், பெட்டியின் பக்கவாட்டு எழுத்தைப் படியுங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் சுகர் 9, 10 என்று சாதுவாக இருக்கும்போதே கீட்டோன் 4-ஐத் தாண்டலாம். சாதாரண சுகர் மெஷினும் ஏமாற்றும், ஆக்ஸிமீட்டரும் ஏமாற்றும். காய்ச்சல் வந்து சாப்பாடு குறைந்த நாளிலேயே இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. டாக்டருக்கு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாந்தி பேதியால் உடம்பு வற்றினால் சில பிரஷர் மாத்திரைகள், நீர் மாத்திரை, இபுபுரோஃபென் ஆகியவை சிறுநீரகத்துக்குச் சுமை, மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ஆபத்தாகலாம்; டாக்டரைக் கேட்டு இவற்றையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆன பிறகுதான் அவற்றைத் திரும்பத் தொடங்குவார்கள்.

சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப் மலிவாயிற்றே என்பீர்கள். மலிவுதான், ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் அது வேறு வகைக் கீட்டோனைப் பார்க்கிறது, அதுவும் சில மணி நேரத்துக்கு முன் பையில் சேர்ந்த சிறுநீரில். கீட்டோஸ்டிக்ஸ் என்ற அந்தச் சிறுநீர் ஸ்ட்ரிப்பை நனைத்துச் சரியாக 15 வினாடியில் நிறம் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் கருத்து வீண் பயம். உடம்பு வற்றியவருக்குச் சிறுநீரே வராது என்பது இன்னொரு சங்கடம். இரத்தத்தில் பார்ப்பது அந்த நிமிடத்து நிலை.

ஆப்டியம் நியோவில் அதிகம் பேசப்படாத ஒரு நல்ல அம்சம் சர்க்கரை ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை வைத்து இயங்கும் மெஷின்கள் இரத்தத்து ஆக்ஸிஜனுக்கு வசப்படும்: ஆக்ஸிஜன் இறங்கினால் சர்க்கரையைக் கூட்டியும், மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுக்கும்போது குறைத்தும் காட்டலாம். நியோவில் இருப்பது டீஹைட்ரஜனேஸ் வகை, அந்தக் குழப்பம் இல்லை. வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்திருக்கும் கோவிட் நோயாளிக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் கை சில்லிட்டு, பிரஷர் விழுந்து, உடம்பு மிகவும் வற்றியவருக்கு விரல் நுனி இரத்தத்தை வைத்து எந்த மெஷினும் சரியாகச் சொல்லாது. அங்கே ஆஸ்பத்திரி ஆய்வகம்தான்.

கையில் லிப்ரே சென்சார் (விரலில் குத்தாமலே சர்க்கரையைக் காட்டும் அபாட் கருவி) ஒட்டியிருப்பவர்களுக்கு ஒரு செலவு மிச்சம். லிப்ரேயின் கைக்கருவி வைத்திருந்தால் அதன் கீழே உள்ள துளையில் இதே ஆப்டியம் ஸ்ட்ரிப்புகள், கீட்டோன் உட்பட, வேலை செய்யும். நியோவைத் தனியாக வாங்க வேண்டாம், ஸ்ட்ரிப் பெட்டி மட்டும் போதும். போனில் மட்டும் ஸ்கேன் செய்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. கோவிட் பயத்தில் ஆயிரம் மில்லிகிராம் வைட்டமின் சி கரைத்துக் குடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இங்கே உண்டு: நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் லிப்ரே 2 சர்க்கரையைக் கூட்டிக் காட்டக்கூடும். உண்மையில் இறங்கிக்கொண்டிருக்கும் சர்க்கரை அதில் மறைந்துவிடும். மனசுக்கு ஒவ்வாத எண் வந்தால் விரலில் குத்திச் சரிபாருங்கள்.

டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு எந்த நேரத்தில் குத்துவது என்பது முக்கியம். ஆக்ஸிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளுக்கு நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள், உயிர் காக்கிறது என்பது 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வில் தெரிந்தது. காலையில் கொடுத்தால் சர்க்கரை ஏறுவது பிற்பகலிலும் மாலையிலும். விடியற்காலை 6.5 பார்த்து மகிழ்ந்தவருக்கு மாலை ஐந்து மணிக்கு 18 இருக்கலாம். வெறும் வயிற்றில் மட்டும் பார்க்கும் பழைய வழக்கம் இங்கே உதவாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் கட்டாயம் பாருங்கள். ஸ்டீராய்டை நிறுத்திய ஓரிரு நாளில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். ஏற்றிய இன்சுலினை அப்படியே விட்டால் தாழ்சர்க்கரை.

தாழ்சர்க்கரைக்கு நம்மூரில் கைக்கு வருவது கூல்டிரிங்க். இதில் ஒரு பொறி இருக்கிறது. 2018 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கா சர்க்கரை வரி கொண்டுவந்தது. 100 மில்லியில் 4 கிராமுக்கு மேல் உள்ள சர்க்கரைக்கு வரி. அதன் பிறகு பல பானங்களில் சர்க்கரையைப் பாதியாக்கி இனிப்பூட்டி சேர்த்துவிட்டார்கள். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. 4-க்குக் கீழே இறங்கியவருக்கு 15 கிராம் சர்க்கரை வேண்டும்; 100 மில்லியில் 10 கிராம் உள்ள பானம் என்றால் 150 மில்லி போதும், 4 கிராம் உள்ளது என்றால் 375 மில்லி. பாட்டில் லேபிளை இன்றே படித்து, எவ்வளவு என்று பேனாவால் மூடியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் தட்டையாக மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்துங்கள்.

காய்ச்சல்காரருக்கு நம் வீடுகளில் முதலில் கொடுப்பது ரசம். தொண்டைக்கு இதம், நீரும் உப்பும் சேரும். ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. இன்சுலின் போட்டுவிட்டு நாள் முழுக்க ரசம் மட்டும் குடித்தால் சர்க்கரையும் இறங்கும், பட்டினிக் கீட்டோனும் ஏறும். அரை கப் மீலி மீல் (சோள மாவு) கூழோ கால் கப்புக்குச் சற்று மேல் குழைந்த சோறோ ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து. ரசத்தில் அதைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். திரவம் மணிக்கு 100 மில்லியாவது உள்ளே போக வேண்டும். சிறுநீரகம், இதயம் பழுதானவர்களுக்கு அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.

சரி, நியோவின் குறைகள். பெரிய குறை ஸ்ட்ரிப் செலவு. கீட்டோன் ஸ்ட்ரிப் பெட்டியில் 10 தான். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு பெட்டி இரண்டு நாள்கூடத் தாங்காது. இப்படிச் சிக்கனமாக்கலாம்: சர்க்கரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள்; கீட்டோனை, சர்க்கரை 14-க்கு மேல் போனாலோ குமட்டல், வயிற்றுவலி, மூச்சுவாங்கல் இருந்தாலோ பாருங்கள். மேலே சொன்ன ஃபோர்சிகா வகைக்காரர்களுக்கு இந்தச் சிக்கனம் பொருந்தாது. நல்ல நாளில் சும்மா கீட்டோன் பார்த்துத் தீர்க்க வேண்டாம். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) சர்க்கரை ஸ்ட்ரிப்புக்குப் பணம் கொடுப்பதால் கீட்டோனுக்கும் கொடுக்கும் என்று நினைக்காதீர்கள், கேட்டுப் பாருங்கள். கையிருப்பு இரண்டு பெட்டியாவது வேண்டும்: 2021 ஜூலையில் மூன்றாம் அலைக்கு நடுவே குவாசுலு-நட்டாலில் கடைகளும் மருந்தகங்களும் சூறையாடப்பட்ட அந்த வாரம், பணம் இருந்தும் மருந்து வாங்க இடமில்லாமல் போனது.

அடுத்த குறை துல்லியத்தின் எல்லை. இது எல்லா மெஷினுக்கும் பொது. தரநிலையே 5.5-க்கு மேல் 15 சதவீத வித்தியாசத்தை அனுமதிக்கிறது. உண்மை 10 என்றால் 8.5-உம் 11.5-உம் ‘சரி’தான். இரண்டு மெஷினை வைத்து ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் சுகர் என்றால் மெஷின் ஒன்றாக இருக்கலாம், குத்தும் பேனா ஒன்றாக இருக்கவே கூடாது. ஊசியை மாற்றினாலும் பேனாவின் முகப்பில் ஒட்டிய இரத்தத்தால் ஹெபடைடிஸ் பி பரவும். மெஷினைத் துடைக்கும்போது கிருமிநாசினியைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேரே தெளித்தால் ஸ்ட்ரிப் துளைக்குள் இறங்கிப் போகும்.

ஆக்ஸிமீட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 95-க்குக் கீழே போனால் டாக்டர், 92 அல்லது அதற்குக் கீழே 10177. நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் அதைக் குழப்பும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் வாய்ப்பும் அதிகம், ஆகவே நம் விரல்களில் 94, 95 வந்தால் இறங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பாருங்கள்.

லோட் ஷெடிங் என்ற மின்வெட்டில் இன்சுலின் பற்றி ஒரு சொல். ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் பெரிய சேதமில்லை. ஃபிரீசர் பக்கச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஒரு முறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். தண்ணீரில் நனைத்து வைக்கும் ஃப்ரியோ பையும், ஈரமணல் போட்ட மண்பானையும் ஆவியாதலால் குளிரும். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் இவை அருமை. டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே கடினம். திறந்து பயன்படுத்தும் இன்சுலினை 30-க்குக் கீழே வைக்க அது போதும், திறக்காத கையிருப்புக்குப் போதாது.

வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டியவை: அலகு மில்லிமோலா என்பதையும், கீட்டோன் ஸ்ட்ரிப்பின் காலாவதி தேதியையும். அலகு தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்படுவதால் பிறகு மாற்ற முடியாது. சென்னை உறவினர் ஆசையோடு அனுப்பும் மெஷின் மில்லிகிராமில் காட்டும். அதில் 180 என்பது இங்கே 10, பதினெட்டால் வகுக்க வேண்டும். டைப் 1, இன்சுலின் போடும் டைப் 2, ஃபோர்சிகா வகை மாத்திரைக்காரர்: இந்த மூன்று வீட்டுக்கும் நியோ வாங்கத் தகுந்தது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் இருக்கும் மெஷினையே வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் கூடுதலாக ஒரு டப்பா சர்க்கரை ஸ்ட்ரிப் வாங்கலாம்.